மைனர்: இளவர்

தாராவியில் எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு தாய், கணவர் இறந்தபின் வீட்டுப் பத்திரத்தைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றுவதற்காக, மராத்தி விண்ணப்பம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். மகளின் பெயரருகே இருந்த சொல்லை, பள்ளியில் மராத்தி படிக்கும் அந்தப் பதினான்கு வயதுப் பெண்ணே படித்துவிட்டு, "அஞ்ஞான்னு போட்டிருக்கே, எனக்கு அறிவில்லையா மாமா?" என்று கேட்டாள். அது மைனர் என்பதற்கான மராத்திச் சட்டச்சொல் என்றேன். தாய்க்கு அது இன்னும் குழப்பமாயிற்று. "மைனர்னா பட்டு ஜிப்பா போட்டுச் சுத்துறவன்தானே?" என்றார்.

இருவர் ஐயமும் நியாயமானவை. மைனர் என்பது லத்தீனில் 'சிறியவர்' என்று மட்டுமே பொருள்படும். இந்தியிலும் உருதுவிலும் வழங்கும் 'நாபாலிக்', பருவமெய்துதலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. அதாவது உடலே அங்கு அளவுகோல். மராத்தியோ அறிவை அளவுகோலாக்கியது. 1875-ஆம் ஆண்டின் இந்திய வயதுவரம்புச் சட்டம் இவ்விரண்டையும் விட்டு, 18 என்ற எண்ணை வைத்தது. ஆனால் நீதிமன்றம் காப்பாளரை நியமித்த பிள்ளைகளுக்கும், வாரிசுகளின் சொத்தை அரசு சார்பில் கவனித்த 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' என்ற அமைப்பின் நிருவாகத்தில் சொத்து இருந்த ஜமீன் வாரிசுகளுக்கும் வரம்பு 21. மீசை முளைத்து, கையில் காசும் புழங்கி, பொறுப்பு மட்டும் வராத இருபது வயது வாரிசு சட்டப்படி மைனராகவே இருந்தார். தமிழில் அச்சொல்லுக்கு உல்லாசி என்ற பொருளும், 'மைனர் செயின்' என்ற வழக்கும் வந்தது இவ்வழியே என்று கொள்வதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அந்த 21 என்ற விதிவிலக்கு 1999-இல்தான் நீக்கப்பட்டது.

தமிழில் சிலர் 'பருவமெய்தாதவர்' என்று எழுதுகிறார்கள். இது தவறு மட்டுமன்று, தீங்கும்கூட. நம் வீடுகளில் பருவமெய்துதல் என்றால் மஞ்சள் நீராட்டு. அது பன்னிரண்டு வயதிலும் நடந்துவிடும். அதன்பிறகும் அந்தப் பெண்ணைக் குழந்தையாகவே கொண்டு 2006-இன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் 2012-இன் போக்சோ சட்டமும் 18 வயது நிரம்பும்வரை காக்கின்றன. சொல் அந்தக் காப்பைப் பறித்துவிடக் கூடாது. 'சிறார்' நல்ல சொல்தான், ஆனால் பதினேழு வயதினரைச் சுட்டத் தயங்குகிறது. சட்டத் தமிழில் வழங்கும் 'இளவர்' உடலையும் பேசவில்லை, அறிவையும் குறைக்கவில்லை. வயது இளமை ஒன்றையே சொல்கிறது.

விண்ணப்பத்தின் தமிழ்ப் படியில் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே 'இளவர், வயது 14' என்று எழுதிக் கொடுத்தேன்.