ஆணழகன் போட்டியில் சும்மா நிற்பதில்லை

ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதே என்று பயந்து, போன வாரம் ஒரு அப்பா தன் மகனை அழைத்து வந்தார். பையனுக்கு ஆறு வாரத்தில் ஆணழகன் போட்டி. (கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது, தசை அதிகமுள்ளவர்களுக்கு இயல்பாகவே சற்று கூடும். அதனால் அந்த ஒரு எண்ணை வைத்தே சிறுநீரகம் போச்சு என்று முடிவு கட்டாமல், தசை அளவை அவ்வளவாகச் சாராத இன்னொரு சிறுநீரகப் பரிசோதனையான சிஸ்டாட்டின் சி பார்ப்பேன். அது சரியாகவே இருந்தது.) நிம்மதியான பிறகு அப்பா கேட்டார்: “இதெல்லாம் ஒரு விளையாட்டா டாக்டர்? ஓடறதில்ல, குதிக்கறதில்ல, எண்ணெயைத் தடவிக்கிட்டு நிக்கறதுதானே?”

பையனை எழுந்து ஒரு டபுள் பைசெப்ஸ் போஸ் காட்டச் சொன்னேன், முப்பது வினாடி. கை மடங்குவது நம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதே நேரத்தில் தொடை இறுகியிருக்க வேண்டும், வயிறு உள்ளே போக வேண்டும், முதுகின் பக்கத் தசைகள் விரிய வேண்டும், இத்தனைக்கும் முகம் சிரித்தபடி இருக்க வேண்டும். பன்னிரண்டாவது வினாடியில் தொடை நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்து முகம் சிவந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அப்படிப் பிடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். போஸில் நின்றுகொண்டே சீராக மூச்சு விடுவது மாதக்கணக்கில் பழக வேண்டிய வித்தை. மேடையில் இப்படி ஏழு கட்டாயப் போஸ்கள், நடுவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க மறுபடி மறுபடி கூப்பிடுவார்கள்.

நடுவர் கண்ணை நம்பித்தானே மார்க் என்பார்கள். சரி, ஜிம்னாஸ்டிக்ஸும் டைவிங்கும் அப்படித்தான், அவற்றை யாரும் விளையாட்டில்லை என்பதில்லை. 1901இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அந்தக் காலத்து புகழ்பெற்ற பயில்வான் யூஜின் சாண்டோ பெரிய ஆணழகன் போட்டியே நடத்தினார். 2002, 2006 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பாடிபில்டிங்குக்குப் பதக்கம் இருந்தது. ஒலிம்பிக்கில் இன்றுவரை இடமில்லை, அது வேறு விஷயம். என்னைக் கேட்டால் இது விளையாட்டுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. திறமை தேவையில்லை, உடம்பை ஏற்றினால் போதும் என்று நினைப்பவர்கள்தான் சீக்கிரம் ஊசிக்குப் போகிறார்கள். தசையை ஏற்றும் ஸ்டீராய்டு போட ஆரம்பித்தால் உடம்பு தன் சொந்த டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தியை நிறுத்திக்கொள்கிறது, நல்ல கொழுப்பு இறங்குகிறது, இதயத் தசை தடித்துப்போகிறது.

அதைவிட நான் அதிகம் பயப்படுவது போட்டிக்கு முந்தைய கடைசி மூன்று நாட்களை. தசை வரிவரியாகத் தெரிய வேண்டும் என்று தண்ணீரை நிறுத்திவிட்டு, சிறுநீர் போகும் மாத்திரையும் போட்டுக்கொண்டு, இரண்டு காலிலும் கெண்டை இழுத்து, இதயம் தாறுமாறாகத் துடிக்க வந்த இளைஞனை ராத்திரி ஒரு மணிக்குப் பார்த்திருக்கிறேன். 1992இல் முகமது பெனஸிஸா ஹாலந்தில் போட்டியில் ஜெயித்த சில மணி நேரத்தில் இறந்துபோனார், அதற்குப் பின்னாலும் இந்த நீரிழப்புதான். இதில் வேதனை என்னவென்றால், தசையில் முக்கால் பங்கு தண்ணீர், தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீரோடுதான் தங்கும். தண்ணீரை வற்றவிட்டால் தசையும் சேர்ந்து சுருங்கும். மாதக்கணக்கில் வளர்த்ததை மூன்று நாளில் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். விஷயம் தெரிந்த பயிற்சியாளர் கொழுப்பைப் பல வாரங்களில் மெதுவாகக் குறைப்பார், கடைசி நேரத்தில் தண்ணீர்மேல் கை வைக்க மாட்டார்.

அந்த நாட்களில் தசை இழுத்தாலோ, படபடப்போ தலைச்சுற்றலோ வந்தாலோ, போட்டி முடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள். எந்த மாத்திரை, எந்த ஊசி என்று மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் திட்டுவதற்காகக் கேட்பதில்லை. சிறுநீர் போகும் மாத்திரைகளிலேயே ஃப்யூரோசெமைடு, இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் பொட்டாசியத்தை இறக்கும், ஸ்பைரோனோலாக்டோன் ஏற்றும். எதை விழுங்கினீர்கள் என்று தெரிந்தால், ரத்த ரிப்போர்ட் வருவதற்கு முன்பே எதற்குத் தயாராக வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும்.