‘ஆரியமயமாக்கம்’ என்று எழுதலாமா?

நாஜி ஜெர்மனியின் வரலாற்றில் ‘அரிஸீருங்’ என்ற ஜெர்மன் சொல் அடிக்கடி எதிர்ப்படும். தமிழில் இதை ‘ஆரியமயமாக்கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் படிக்கும் நம்மவர் மனத்தில் வடமொழி ஆதிக்கம், சடங்கு, பண்பாட்டுக் கலப்பு என்றுதான் ஓடும். ஜெர்மனியில் நடந்தது அதுவல்ல. யூதரின் கடை, ஆலை, வீடு, வங்கிப் பணம் எல்லாவற்றையும் சட்டத்தின் பெயரால் பிடுங்கி யூதரல்லாதவர் கையில் கொடுத்தார்கள்.

‘ஆரிய’ என்பது வடமொழியிலும் பழைய ஈரானிய மொழிகளிலும் வழங்கிய சொல். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மொழியியலார் அதை ஒரு மொழிக் குடும்பத்துக்குப் பெயராக்கினார்கள். பிறகு அதுவே இனப் பெயராகத் திரிந்தது. இது மொழியைக் குறிக்கும் சொல், இரத்தத்தைக் குறிப்பதல்ல என்று 1888இல் மொழியறிஞர் மாக்ஸ் முல்லர் கண்டித்தும் பயனில்லை. 1933 ஏப்ரலில் ‘ஆரியர் அல்லாதவர்’ என்ற தொடர் சட்டத்திலேயே ஏறியது. தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் யூதராக இருந்தாலும் அரசு வேலைக்கு ஆபத்து.

கடைகளைப் பறித்த முறையைப் பாருங்கள். பத்திரத்தில் அது ‘விற்பனை’. விலை பேசும்போது சரக்கை அடிமாட்டு விலைக்கு மதிப்பிடுவார்கள்; தலைமுறைகளாகச் சேர்த்த வணிக நற்பெயருக்குக் காசே கிடையாது. கிடைத்த தொகையும் பெரும்பாலும் முடக்கப்பட்ட கணக்கில் போய்விடும். நாட்டைவிட்டு வெளியேற நினைத்தால் ‘வெளியேற்ற வரி’ கால் பங்கைத் தின்றுவிடும். ஹெர்மன் டீட்ஸ் என்ற பெரிய பல்பொருள் அங்காடி நிறுவனம் இப்படித்தான் கைமாறி ‘ஹெர்ட்டி’ ஆனது. நிறுவனத்தின் பழைய பெயரைச் சுருக்கியே புதுப் பெயர் வைத்தார்கள். உரிமையாளர்கள்தான் அங்கே இல்லை.

1938 வரை மிரட்டலும் நெருக்கடியும் இந்த வேலையைச் செய்தன. அந்த ஆண்டு ஏப்ரலில் 5,000 மார்க்குக்கு (மார்க் என்பது ஜெர்மன் நாணயம்) மேற்பட்ட சொத்தை யூதர்கள் பதிவுசெய்ய வேண்டும் என்று ஆணை வந்தது. பறிப்பதற்கான பட்டியலை உரியவர் கையாலேயே எழுதி வாங்கினார்கள். நவம்பர் 9, 10 தேதிகளில் யூதரின் கடைகளையும் தொழுகைக் கூடங்களையும் நொறுக்கிவிட்டு, அடுத்த சில நாட்களிலேயே அடிபட்டவர்கள் மீதே நூறு கோடி மார்க் தண்டம் விதித்தார்கள். யூதர்கள் சில்லறைக் கடை நடத்த 1939 ஜனவரி 1 முதல் தடை. 1941 நவம்பரில் வந்த ஆணை இதையெல்லாம் மிஞ்சியது: வெளிநாட்டில் வசிக்கும் யூதரின் குடியுரிமையும் சொத்தும் பறிபோகும் என்றது. கிழக்கே நாடு கடத்தப்பட்டவர்களையும் ‘வெளிநாட்டில் வசிப்பவர்’ கணக்கில் சேர்த்து, அவர்கள் விட்டுச்சென்றதை அரசு எடுத்துக்கொண்டது.

ஆகவே தமிழில் ‘யூதர் உடைமைப் பறிப்பு’ என்பதே பொருந்தும். ‘கையகப்படுத்தல்’ வேண்டாம், சாலை போட நிலம் எடுப்பதற்கு நாம் வழங்கும் சொல் அது, இழப்பீடு உண்டு என்ற எண்ணத்தைத் தரும். மூல ஆவணத்தை மேற்கோள் காட்டும்போது மட்டும் ‘ஆரியமயமாக்கம்’ என்று மேற்கோள் குறிக்குள் எழுதலாம். இன்றைய ஜெர்மன் வரலாற்றாசிரியர்களும் பெரும்பாலும் அப்படித்தான் குறியிட்டு எழுதுகிறார்கள்.