அமெரிக்காவில் சிறு சுரங்க கிளெய்ம்: செப்டம்பர் 1, டிசம்பர் 30

அமெரிக்க மத்திய அரசு நிலத்தில் உள்ள ஒரு சுரங்க கிளெய்மை இழக்க, மண்ணில் தங்கம் தீர வேண்டியதில்லை. ஒரு காகிதம் தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் போதும். பெரிய கம்பெனிகளுக்கு இதைக் கவனிக்கத் தனி ஆட்கள் உண்டு. வார இறுதியில் மண் அலசப் போகிற குடும்பங்களும் ஓய்வுபெற்றவர்களும்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்காகவே சட்டத்தில் ஒரு சலுகை இருக்கிறது. கட்டணமே கட்டாமல் கிளெய்மை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு எழுத்து வேலை கூடுதல், தேதிகளில் தயவு கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் சிலர் இப்போது கிளெய்ம் வாங்கும் யோசனையில் இருப்பதால், இதை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கிளெய்ம் என்றால் என்ன என்று பார்ப்போம். 1872-ஆம் ஆண்டு பொதுச் சுரங்கச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மத்திய அரசு இதற்காகத் திறந்துவைத்துள்ள நிலத்தில் தங்கம், வெள்ளி, செம்பு போன்ற கனிமத்தைக் கண்டவர் எல்லைக் குறி நட்டு, பதிவு செய்து, அந்தக் கனிமத்துக்கு உரிமை கோரலாம். நிலம் அரசுடையதாகவே இருக்கும், உங்களுக்குக் கனிமத்தில் மட்டும்தான் உரிமை. அங்கே வீடு கட்டிக் குடியேற முடியாது. நிலத்தையே பட்டாவாக வாங்கும் வழி முன்பு இருந்தது, 1994 அக்டோபர் முதல் புதிய விண்ணப்பங்களை நாடாளுமன்றம் நிறுத்திவைத்திருக்கிறது. அதனால் கிளெய்ம் என்பது ஆண்டுக்கு ஆண்டு உயிர்ப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய உரிமை.

யார் வைத்திருக்கலாம்? குடிமக்கள், குடியுரிமைக்கு முறைப்படி விண்ணப்பித்தவர்கள், அமெரிக்கச் சட்டப்படி அமைந்த நிறுவனங்கள். எச்1பி விசாவில் இருப்பவர் தன் பெயரில் கிளெய்ம் நட முடியாது. டெக்சஸில் இருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த மாநிலம் ஒன்றியத்தில் சேர்ந்தபோது தன் பொது நிலங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டதால், இந்தச் சட்டப்படியான கிளெய்ம் அங்கே கிடையாது. நெவாடா, அரிசோனா, கலிஃபோர்னியா, அலாஸ்கா போன்ற மேற்கு மாநிலங்களில்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. கிளெய்ம் தேசிய வனத்துக்குள் இருந்தாலும் பதிவுகளைக் கவனிப்பது நில மேலாண்மைப் பணியகம்தான். எல்லோரும் பிஎல்எம் என்பார்கள்.

பணமா, வேலையா?

1872-லிருந்து 120 ஆண்டுகளுக்கு விதி ஒன்றுதான்: ஒவ்வொரு கிளெய்மிலும் ஆண்டுக்கு 100 டாலர் மதிப்புள்ள வேலை செய்ய வேண்டும். இதை அசெஸ்மென்ட் வேலை என்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் நாடாளுமன்றம் அதை மாற்றி, வேலைக்குப் பதில் பணம் என்றாக்கியது. அன்று கிளெய்முக்கு 100 டாலர். விலைவாசிக்கு ஏற்ப அவ்வப்போது கூட்டி, 2019-ல் 165, 2024 செப்டம்பர் முதல் 200 டாலர். பாறைப் படிவுக்கான லோட் கிளெய்முக்கு ஒன்றுக்கு 200. ஆற்று மணலில் தங்கம் எடுக்கும் பிளேசர் கிளெய்மாக இருந்தால் ஒவ்வொரு 20 ஏக்கருக்கும் 200, மிச்சம் துண்டு இருந்தால் அதற்கும் முழு 200.

இந்தப் பணத்தைக் கட்டிவிட்டால் பிஎல்எம்-க்கு அந்த ஆண்டு வேலை காட்ட வேண்டாம். கட்ட வசதியில்லாத அல்லது கட்ட விரும்பாத சிறியவர்களுக்குத்தான் கட்டண விலக்கு. நீங்களும் உங்களைச் சார்ந்தவர்களும் நாடு முழுவதும் சேர்த்து 10 அல்லது அதற்குக் குறைவான கிளெய்ம்களே வைத்திருந்தால், பழைய 1872 வழியிலேயே வேலை செய்து உரிமையைக் காப்பாற்றலாம். ஆலைக்காகப் பதிந்த இடமும் சுரங்கப்பாதைக்காகப் பதிந்த இடமும் இந்த 10-இல் அடங்கும். சார்ந்தவர்கள் என்றால் கணவன் அல்லது மனைவி, வரிச் சட்டப்படி உங்களை நம்பியிருக்கும் பிள்ளைகள், உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள். உங்கள் பெயரில் 6, மனைவி பெயரில் 5 என்று பிரித்து எழுதினால் கணக்கு 11 ஆகிவிடும். அப்போது ஒன்றுக்குக்கூட விலக்கு கிடையாது, பதினொன்றுக்கும் கட்ட வேண்டும். கூட்டாளிகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. நான்கு பேர் சேர்ந்த ஒரு கிளெய்மில் ஒருவருக்கு மட்டும் வேறெங்கோ 15 கிளெய்ம் இருந்தால், மற்ற மூவருக்கும் அந்தக் கிளெய்மில் விலக்கு போய்விடும். கூட்டுச் சேரும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

செப்டம்பர் 1

சுரங்க ஆண்டு செப்டம்பர் 1 நண்பகலில் தொடங்கி அடுத்த செப்டம்பர் 1 நண்பகலில் முடிகிறது. விலக்குச் சான்றுப் படிவத்தின் எண் 3830-2. அது செப்டம்பர் 1-க்குள் பிஎல்எம்-இல் தாக்கல் ஆக வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை.

இந்த ஒரே தாளில் நீங்கள் இரண்டைச் சான்றளிக்கிறீர்கள். செப்டம்பர் 1 அன்று எனக்கும் என்னைச் சார்ந்தவர்களுக்கும் 10-க்கு மேல் கிளெய்ம் இல்லை என்பது ஒன்று. அன்று நண்பகலோடு முடிகிற ஆண்டுக்கான வேலையைச் செய்து முடித்துவிட்டேன் என்பது இன்னொன்று. அதாவது வேலை முடிந்த ஆண்டைச் சேர்ந்தது, விலக்கு தொடங்கும் ஆண்டுக்கானது. இந்த இடத்தில் பலர் குழம்பிவிடுகிறார்கள். பொய்யாகக் கையெழுத்திட்டால் அது கூட்டாட்சிக் குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

படிவத்தில் கிளெய்மின் பெயர், பிஎல்எம் வரிசை எண், உரிமையாளர் எல்லோருடைய பெயர், முகவரி, கையெழுத்து இருக்க வேண்டும். எல்லோரும் என்றால் எல்லோரும்தான். அண்ணன் வேறு ஊரில் இருக்கிறார், அவர் பெயருக்கு நானே போட்டுவிடுகிறேன் என்பது நடக்காது. முகவராகக் கையெழுத்திடுபவருக்கு அதிகாரப் பத்திரம் இருக்க வேண்டும், அது பிஎல்எம் கோப்பிலும் இருக்க வேண்டும். வரிசை எண்ணைப் பழைய தாளிலிருந்து எடுக்காதீர்கள். 2021-ல் பிஎல்எம் தன் பதிவுகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியபோது எண்களும் மாறின. எம்எல்ஆர்எஸ் என்ற அந்தத் தளத்தில் உங்கள் கிளெய்மைத் தேடி, அங்கே உள்ள எண்ணை எழுதுங்கள்.

தபாலில் அனுப்பினால் கடைசித் தேதிக்குள் தபால் முத்திரை விழுந்திருக்க வேண்டும், கடைசித் தேதியிலிருந்து 15 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு வந்து சேரவும் வேண்டும். இரண்டும் நடந்தால்தான் செல்லும். செப்டம்பர் 1 ஞாயிறாகவோ, லேபர் டே விடுமுறையாகவோ வந்து அலுவலகம் மூடியிருந்தால், அடுத்த வேலை நாள் வரை நேரம் உண்டு. அதை நம்பிக் காத்திருக்காமல் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் கோப்பில் வையுங்கள்.

எது வேலை, எது வேலையில்லை

கிளெய்முக்கு 100 டாலர் என்பது 1872-இன் தொகை, இன்றுவரை கூடவில்லை. அதனால்தான் சிறியவர்களுக்கு இந்த வழி இன்னும் லாபம். உங்கள் சொந்த உழைப்புக்கும் ஊரில் நிலவும் நியாயமான கூலியைப் போட்டுக்கொள்ளலாம். மணிக்கு 25 டாலர் என்று வைத்தால், இருவர் ஒரு நாள் 8 மணி நேரம் குழி தோண்டினால் 400 டாலர், நான்கு கிளெய்முக்குப் போதும். கிளெய்ம்கள் ஒன்றையொன்று ஒட்டி இருந்து, ஒன்றில் செய்த வேலை எல்லாவற்றுக்கும் பயன்படும் என்றால், எல்லாவற்றுக்குமான வேலையையும் ஒரே இடத்தில் செய்யலாம். தொகை மட்டும் மொத்தத்துக்கும் வர வேண்டும்.

துளையிடுவது, தோண்டுவது, சுரங்கம் வெட்டுவது, மாதிரி எடுப்பது, கிளெய்முக்குப் பாதை போடுவது எல்லாம் கணக்கில் வரும். நிலவியல், புவி இயற்பியல் ஆய்வுகளும் வரும். ஆனால் ஆய்வை மட்டும் காட்டி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ச்சியாக ஓட்ட முடியாது, ஒரு கிளெய்முக்கு மொத்தத்தில் ஐந்து ஆண்டுதான். வீட்டிலிருந்து வண்டி ஓட்டிப் போன பெட்ரோலும், கூடாரம் போட்டுத் தங்கிய செலவும் வேலை என்று யாரும் நம்பி எழுத வேண்டாம். ஒரு நோட்டில் தேதி, யார் வந்தார்கள், எத்தனை மணி நேரம், எந்த இடம், குழியின் நீளம் அகலம் ஆழம் என்று அன்றன்றே எழுதி, இரண்டு படமும் எடுத்து வையுங்கள். பிஎல்எம் கேட்காமல் போகலாம். அதே இடத்துக்கு இன்னொருவர் உரிமை கோரி வழக்குப் போட்டால் அந்த நோட்டுதான் பேசும், ஏனென்றால் வேலை நடக்காத கிளெய்ம் இன்னொருவர் வந்து குறி நடுவதற்குத் திறந்துவிடுகிறது.

ஆண்டு வேலை என்பதற்காகச் சுற்றுச்சூழல் விதிகள் தளர்வதில்லை. கைச்சட்டியும் மண்வெட்டியும் கொண்டு அலசுவது வேறு. பிஎல்எம் நிலத்தில் பேக்ஹோ என்ற மண் தோண்டும் இயந்திரத்தை இறக்குவதானால் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து 15 நாள் காத்திருக்க வேண்டும்.

டிசம்பர் 30

செப்டம்பர் தாளை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. விலக்கு வாங்கியவருக்கு இரண்டாவது காகிதம் ஒன்று உண்டு: என்ன வேலை, எந்தத் தேதிகளில், எவ்வளவு மதிப்பு என்று சொல்லும் அஃபிடவிட். அதை உங்கள் கிளெய்ம் பதிவான கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) ரெக்கார்டர் என்ற பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, அதன் நகலை டிசம்பர் 30-க்குள் பிஎல்எம்-இல் தாக்கல் செய்ய வேண்டும். கிளெய்ம் ஒன்றுக்குச் சிறிய கோப்புக் கட்டணம் உண்டு. கவுண்டிக்கான கடைசித் தேதியை மாநிலச் சட்டம் தீர்மானிக்கிறது, அது டிசம்பருக்கு வெகு முன்பாகவே வரலாம். அதனால் செப்டம்பரிலேயே கவுண்டி வேலையை முடிப்பது நல்லது.

31 இல்லை, 30. இதை அடிக்கோடிட்டுச் சொல்லக் காரணம் இருக்கிறது. நெவாடாவில் லாக் குடும்பத்தார் 1960-களில் வாங்கிய 10 கிளெய்ம்களில் கட்டுமானச் சரளை எடுத்து அதிலேயே பிழைத்து வந்தார்கள். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 'டிசம்பர் 31-க்கு முன்' தாக்கல் செய்யச் சொன்னது. குடும்பத்தின் மகள் ஈலி ஊர் பிஎல்எம் அலுவலகத்தில் விசாரித்தபோது 31 வரை நேரம் உண்டு என்று சொன்னார்களாம். 1980 டிசம்பர் 31 அன்று நேரில் போய்க் கொடுத்தார்கள். ஒரு நாள் தாமதம் என்று 10 கிளெய்ம்களும் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டன. 1985-ல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அரசு பக்கம் நின்றது. கடைசித் தேதி என்றால் கடைசித் தேதிதான், கைவிடும் எண்ணம் இல்லை என்பது பொருட்டல்ல என்பதே தீர்ப்பின் சாரம். அந்தக் குடும்பத்துக்கு நடந்தது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது. கவுன்டரில் இருப்பவர் வாய்மொழியாகச் சொன்னது உங்களைக் காப்பாற்றாது.

புதிதாகக் கிளெய்ம் நட்டவருக்கு முதல் ஆண்டில் ஒரு தனிக் குழப்பம். 2025 மார்ச்சில் கிளெய்ம் நட்டீர்கள் என்று வையுங்கள். 90 நாட்களுக்குள் பிஎல்எம்-இல் பதிந்து, அந்த ஆண்டுக்கான கட்டணத்தையும் கட்டியே ஆக வேண்டும். கிளெய்ம் நட்ட ஆண்டுக்கு விலக்கு கிடையாது, வேலைக் கட்டாயமும் கிடையாது. 2025 செப்டம்பர் 1-க்குள் விலக்குப் படிவம் கொடுக்கலாம். சரி, டிசம்பரில் என்ன கொடுப்பது? வேலைதான் செய்யவில்லையே. அப்போது அஃபிடவிட்டுக்குப் பதிலாக, கிளெய்மைத் தொடர்ந்து வைத்திருக்கும் எண்ணம் எனக்கு உண்டு என்ற அறிவிப்பைக் கவுண்டியில் பதிந்து, 2025 டிசம்பர் 30-க்குள் பிஎல்எம்-இலும் கொடுக்க வேண்டும். வேலையே இல்லாதபோது காகிதம் எதற்கு என்று விட்டுவிட்டால் முதல் ஆண்டிலேயே கிளெய்ம் போய்விடும். பல ஆண்டு பணம் கட்டி வந்தவர் முதன்முறையாக விலக்குக்கு மாறும்போதும் இதே அறிவிப்புதான்.

தவறினால்

தாமதத்துக்கும் குறைபாட்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நேரத்தோடு போன விலக்குப் படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தாலோ எண் தவறாக இருந்தாலோ, பிஎல்எம் எழுத்துமூலம் தெரிவிக்கும். அது கையில் கிடைத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் திருத்தலாம், இல்லையென்றால் அந்த ஆண்டுக்கான கட்டணத்தைக் கட்டிவிடலாம். தேதி தாண்டிய தாளுக்கு இந்த வாய்ப்பு இல்லை. கிளெய்ம் சட்டப்படி தானாகவே செல்லாததாகிவிடும். முடிவை எதிர்த்து 30 நாட்களுக்குள் இன்டீரியர் எனப்படும் உள்துறையின் நில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம், ஆனால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் அங்கும் இல்லை.

நிலம் இன்னும் திறந்திருந்தால் மறுபடி போய் நடலாம், வேறு யாரும் முந்தாதிருந்தால். ஆனால் நீங்கள் முதலில் நட்ட பிறகு அந்த நிலத்தைப் புதிய கிளெய்ம்களுக்கு அரசு மூடியிருந்தால் கதை முடிந்தது. வனப்பாதுகாப்புக்கான வில்டர்னெஸ் பகுதிகள் 1984 ஜனவரி 1 முதல் புதிய கிளெய்ம்களுக்கு மூடப்பட்டவை. அங்கே அதற்கு முன்பிருந்த பழைய உரிமைகள் மட்டுமே தொடர்கின்றன. தாத்தா காலத்துக் கிளெய்ம் அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால், ஒரு டிசம்பரைத் தவறவிட்டாலும் திரும்பக் கிடைக்காது. அத்தகைய கிளெய்ம் ஒன்றோ இரண்டோ வைத்திருப்பவர் விலக்கை நாடாமல் ஆண்டுக்கு 200 டாலர் கட்டிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. டிசம்பர் 30 என்ற கண்ணியே இல்லாமல் போகும். சில மாநிலங்களில் பணம் கட்டியவரும் கவுண்டியில் ஓர் அறிவிப்பைப் பதிய வேண்டும், அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இராணுவத்தில் பணியில் இருப்பவர்களுக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. முறைப்படி அறிவிப்புக் கொடுத்தால் பணிக்காலத்தில் இந்தக் கடமைகள் தள்ளிவைக்கப்படும்.

வீடு மாறினால் பிஎல்எம்-க்கு உடனே எழுதுங்கள். குறைபாட்டுக் கடிதம் கோப்பில் உள்ள முகவரிக்குத்தான் போகும். பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பினாலும் உங்களுக்குக் கிடைத்ததாகவே கணக்கு. ஜனவரி கடைசியில் எம்எல்ஆர்எஸ் தளத்தைத் திறந்து, உங்கள் ஒவ்வொரு கிளெய்மின் பக்கத்திலும் இரண்டு தாள்களும் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஏறாமல் இருந்தால் தபால் ரசீதோடு அன்றே அலுவலகத்துக்கு எழுதுங்கள்.