சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) வேலை கேட்டு வரும் தம்பி தங்கைகளுக்கு

இந்த மாதம் மட்டும் இவர் மூன்றாவது ஆள். குன்னூரில் என் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்து, நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஊர், கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் கிராமம். பெங்களூரில் ஐ.டி. வேலை, ராஜினாமா கொடுத்தாயிற்று.

"சமூகத்துக்கு ஏதாவது செய்யணும் சார். சி.எஸ்.ஆர்.ல வேலை இருந்தா சொல்லுங்க."

"அப்பா என்ன பண்றார் தம்பி?"

"ரெண்டு ஏக்கர் தேயிலை சார்."

"இலையை யாருக்குப் போடறார்?"

"ஏஜென்ட்டுக்கு."

"எடையில கழிவு எவ்வளவு பிடிக்கிறாங்க?"

முழித்தார். அவர் படித்ததே அந்த இலைக் காசில்தான்.

இருபது வருடமாக இந்த மலையில் ஆடிட்டராக இருக்கிறேன். 'பொறுப்பான தொழில்' என்ற பேச்சை எடுத்தாலே எல்லோருக்கும் சி.எஸ்.ஆர். மட்டும்தான் ஞாபகம் வருகிறது. மரக்கன்று, பேனர், பச்சை டீ-ஷர்ட், போட்டோ. சட்டத்தை யாராவது பிரித்துப் பார்த்தால்தானே! கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றையாவது எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நான் கணக்குப் பார்க்கும் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுகூட இந்தக் கோட்டைத் தொட்டதில்லை. அதற்காக அவர்களுக்குப் பொறுப்பே கிடையாதா?

இன்னொன்றும் கேளுங்கள். சொந்தத் தொழிலாளிகளுக்கு மட்டும் பயன்படும் செலவைச் சி.எஸ்.ஆரில் காட்ட முடியாது. வழக்கமான வியாபாரத்தின் பாகமாகச் செய்வதையும் காட்ட முடியாது. கொழுந்து எடுக்கும் அம்மாக்களுக்குக் கழிப்பறை கட்டிவிட்டு, "இதைச் சி.எஸ்.ஆரில் எழுதிடுங்க சார்" என்று வந்தவரை எனக்குத் தெரியும். ஐயா, அது தோட்டம் நடத்துகிறவர் செய்தே தீர வேண்டிய கடமை. தர்மக் கணக்கில் சேராது. அந்த 2 சதவீதம் லாபம் கைக்கு வந்த பிறகு செய்கிற செலவு. அந்த லாபம் எந்தத் தராசில், யார் கூலியில், எத்தனை நாள் பாக்கி வைத்து வந்தது என்ற கேள்விதான் பொறுப்பு. அது பர்ச்சேஸ் மேனேஜர் மேஜையிலும், சம்பளப் பட்டியல் போடும் கிளார்க்கின் கம்ப்யூட்டரிலும் கிடக்கிறது. போட்டோ எடுக்க அங்கே ஒருவரும் போவதில்லை.

பாக்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால் எழுத்து ஒப்பந்தம் இருக்கும்போது அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டியும் வருடம் முடியும்வரை தராமல் வைத்திருந்தால் அந்த வருட வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவைக் கழிக்க முடியாது. இதைப் பிடிவாதமாக நடத்திக்காட்டும் ஒரு கணக்காளர், நூறு மரக்கன்று நட்டவரைவிட என் கண்ணுக்குப் பெரிய ஆள்.

இதற்கு வேலையும் இருக்கிறது. சந்தை மதிப்பில் பங்குச் சந்தையின் முதல் 1,000 கம்பெனிகள், சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி 2022-23 முதல் பொறுப்பு அறிக்கை கொடுத்தாக வேண்டும். கூலி, விபத்து, தண்ணீர், கழிவு என்று எண் எண்ணாகக் கேட்கிறார்கள். அந்த எண்களைத் தோட்டத்துக்கே போய்ச் சரிபார்க்கத் தெரிந்தவர் குறைவு. நம் ஊரிலேயே பாருங்கள். கோத்தகிரியில் பழங்குடி மக்களே பங்குதாரர்களாக 2013இல் தொடங்கிய, தேனும் மற்ற விளைபொருள்களும் விற்கும் ஆதிமலை உற்பத்தியாளர் கம்பெனிக்கு 2021இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது. இந்த மாதிரி இடத்தில் தேவைப்படுவது தேனில் ஈரம் 20 சதவீத வரம்பைத் தாண்டியதா என்று அளக்கிற கை, ஸ்டாக் புத்தகம் எழுதுகிற கை. நல்ல மனசு எல்லோரிடமும் இருக்கிறது, தொழில் எங்கே? முதலில் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள்.

சேவை என்றால் சம்பளம் கேட்கக்கூடாது என்று யார் சொன்னது? நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்குள் என்ற விதி, கம்பெனி தன் சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்கானது. அதை, கம்பெனிப் பணத்தில் திட்டம் நடத்தும் தொண்டு நிறுவனத்தின் தலையில் கட்டி, களப்பணியாளர் சம்பளத்தில் கைவைக்கிறார்கள். நேர்காணலில் பி.எஃப். உண்டா என்று கேளுங்கள். சம்பளம் எந்தத் திட்டத்திலிருந்து வருகிறது, அது எந்த மாதம் முடிகிறது என்று கேளுங்கள். மூன்று வருடத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள், காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தும் பாலியல் புகார்களுக்கு உள்புகார்க் குழு இல்லையா? அங்கே சேராதீர்கள், தங்கைகள் மட்டுமல்ல, தம்பிகளும்தான். 'சமூகத் தலைவர்' சான்றிதழுக்கு லட்சக்கணக்கில் கட்டணமா? கட்டாதீர்கள். அடுத்த வேலை கையில் வராமல் இருக்கிற வேலையை விடாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். உங்கள் அம்மாக்கள் எனக்குப் போன் பண்ணி அழுகிறார்கள்.

அந்தத் தம்பியிடம் அப்பாவுக்கு ஏஜென்ட் எடை எழுதிக் கொடுத்த இலைச் சீட்டுகளை எடுத்து வரச் சொல்லி அனுப்பினேன். போன வியாழக்கிழமை வந்தார். நான்கு மாதச் சீட்டுகளையும் எக்செல்லில் ஏற்றி, பக்கத்திலேயே அந்தந்த நாள் மழை பெய்ததா என்று அப்பாவிடம் கேட்டு ஒரு கட்டம் போட்டிருந்தார். இலையில் தண்ணீர் நிற்கிறது என்று சொல்லித்தான் கழிவு பிடிப்பார்கள். சொட்டு மழையில்லாத மார்ச் மாதத்திலும் நூறு கிலோவுக்குப் பத்து கிலோ.

"இதை யார்கிட்ட சார் கேக்கணும்?" என்றார்.

நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டேன்.