11 வரி நிரலும் ஒரு பெயர்ச் சண்டையும்

எண்ணுக்கு முன்னால் சைபர் சேர்ப்பது ரொம்பச் சின்ன வேலை. நெல் கொள்முதல் நிலையத்தில் கொடுக்கிற டோக்கனில் 47 என்பதை 00047 என்று அச்சிட வேண்டும், எல்லா எண்ணும் ஒரே அகலத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். முதலாம் ஆண்டு மாணவரே எழுதிவிடுவார். இந்த வேலையைச் செய்யும் 11 வரி நிரல் ஒன்று 2016 மார்ச் 22 அன்று இணையத்திலிருந்து காணாமல் போனது. அன்றைக்கு உலகம் முழுக்க ஏகப்பட்ட மென்பொருள் புராஜெக்டுகள் பில்டு ஆகாமல், அதாவது ஓடும் வடிவத்துக்கு வராமல், நின்றன. வைரஸ் தாக்கவில்லை, சர்வரும் படுக்கவில்லை. நடந்தது ஒரு டிரேட்மார்க் தகராறு.

அஸெர் கோச்சுலு என்ற நிரலாளர் 'கிக்' என்ற பெயரில் ஒரு சின்னக் கருவியை என்.பி.எம். களஞ்சியத்தில் போட்டு வைத்திருந்தார். இணையதளங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதுபவர்கள் தங்கள் நிரல் துண்டுகளைப் பொதுவில் வைக்கும் இடம் அது. திருவாரூரில் ஒரு கல்லூரி லேபில் உட்கார்ந்து கடைசி வருட புராஜெக்ட் செய்கிற பிள்ளையும் அங்கிருந்துதான் எடுக்கிறது, பெரிய அமெரிக்கக் கம்பெனியும் அங்கிருந்துதான் எடுக்கிறது. அதே கிக் பெயரில் மெசேஜிங் செயலி நடத்திக்கொண்டிருந்த ஒரு கனடா நிறுவனம், அந்தப் பெயர் எங்கள் டிரேட்மார்க், விட்டுக் கொடுங்கள் என்று கேட்டது. அவர் மறுத்தார். வக்கீல்கள் வருவார்கள் என்கிற தோரணையில் கடிதம் வந்தது, இவரும் காட்டமாகப் பதில் எழுதினார், 30,000 டாலர் கொடுத்தால் தருகிறேன் என்று ஒரு வரியும் அதில் இருந்தது. கடைசியில் என்.பி.எம். நிர்வாகம் பெயரை நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்தது. கோபத்தில் கோச்சுலு தான் போட்டிருந்த 273 தொகுப்புகளையும் ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டார். அதில் ஒன்றுதான் 'லெஃப்ட்-பேட்', அந்த 11 வரி.

சரி, 11 வரி போனால் மற்றவர்கள் ஏன் நிற்க வேண்டும்?

இன்றைய மென்பொருளை யாரும் முழுதாகத் தன் கையால் எழுதுவதில்லை. புராஜெக்டுக்குள் ஒரு பட்டியல் கோப்பு இருக்கும், எனக்கு இன்னின்ன தொகுப்புகள் வேண்டும் என்று பெயரும் பதிப்பு எண்ணும் மட்டும் அதில் எழுதியிருக்கும். உண்மையான நிரல் அங்கே இருக்காது. நிறுவும் நேரத்தில்தான் கணினி களஞ்சியத்துக்குப் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கி வரும். வாங்கி வந்த தொகுப்புக்குள்ளும் இதே மாதிரி ஒரு பட்டியல், அதற்குள் இன்னொன்று. பேபல் என்ற கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய ஜாவாஸ்கிரிப்டைப் பழைய பிரவுசருக்குப் புரியும்படி மாற்றித் தருவது அது, ரியாக்ட் எழுதுகிற ஆட்கள் பெரும்பாலும் அதைத்தான் நம்பியிருந்தார்கள். நிரலில் பிழை இருந்தால் பேபல் அந்த இடத்து வரிகளை வரி எண்ணோடு எடுத்துக் காட்டும். அந்த எண்களை எழுத 'லைன்-நம்பர்ஸ்' என்றொரு தொகுப்பு, எண்கள் கோணாமல் நேராக நிற்க அதற்குள் லெஃப்ட்-பேட். பேபலைப் பயன்படுத்திய லட்சக்கணக்கானவர்களில் லெஃப்ட்-பேட் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கேள்விப்படாதவர்களின் வேலையும் சேர்ந்தேதான் நின்றது.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. சுமார் பத்து நிமிடத்தில் இன்னொரு நிரலாளர் அதே வேலையைச் செய்யும் நிரலை, காலியாகிப் போன அதே பெயரில் ஏற்றிவிட்டார். ஆனால் அதற்கு 1.0.0 என்று பதிப்பு எண் கொடுத்தார். சங்கிலியில் பல இடங்களில் 0.0.3 என்றே குறித்துக் கேட்டிருந்ததால் பிழைகள் தொடர்ந்து கொட்டிக்கொண்டே இருந்தன. ஆசிரியர் எடுத்துவிட்ட பழைய 0.0.3-ஐ என்.பி.எம். தன் காப்புப் பிரதியிலிருந்து திரும்ப வைத்த பிறகுதான் அடங்கியது. மொத்தம் இரண்டரை மணி நேரம். நல்லவேளை, அந்தக் காலிப் பெயரை எடுத்தவர் நல்ல மனிதர். கெட்ட எண்ணம் உள்ள ஒருவர் முந்திக்கொண்டு தன் நிரலை அதே பெயரில் வைத்திருந்தால், பதிப்பு எண்ணைக் கறாராகச் சொல்லாத கணினிகள் எல்லாம் அதை மரியாதையாக வாங்கிக்கொண்டு வந்து ஓட்டியிருக்கும். பிறகு என்.பி.எம். விதியை மாற்றியது: மற்றவர்கள் நம்பியிருக்கும் தொகுப்பை, போட்டு ஒரு குறிப்பிட்ட நேரம் கடந்த பிறகு ஆசிரியரே நினைத்தாலும் சட்டென்று எடுக்க முடியாது.

இதில் சட்டம் எங்கே வருகிறது என்று பார்ப்போம். ஜி.பி.எல்., அப்பாச்சி, எம்.ஐ.டி. மாதிரியான ஓப்பன் சோர்ஸ் உரிமங்கள் எல்லாம் பதிப்புரிமையின் மேல் நிற்பவை. நிரலை எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய் என்று அனுமதி தருகின்றன. பெயருக்கு அந்த அனுமதி நீளாது. அப்பாச்சி உரிமத்தின் 2.0 பதிப்பில் 6-ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: டிரேட்மார்க்கைப் பயன்படுத்த இந்த உரிமம் அனுமதி தரவில்லை. இரண்டும் வேறு வேறு சட்டம், இந்தியாவில் ஒன்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், மற்றது 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம். சென்னையிலிருந்து திருச்சி போகிற நெடுஞ்சாலையில் வழிநெடுக 'கும்பகோணம் டிகிரி காபி' பலகை இருக்கிறது அல்லவா? பாலில் தண்ணீர் கலக்காமல், முதல் டிகாஷனை விட்டு, பித்தளை டபராவில் ஆற்றிக் கொடுக்கும் கைப்பக்குவத்தை யாரும் கற்றுக்கொள்ளலாம், கடை போடலாம், ஒருவரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் கும்பகோணத்தில் பேர்பெற்ற ஒரு குறிப்பிட்ட கடையின் பெயரை அப்படியே பலகையில் எழுதிக்கொண்டு, சிக்கரியைக் கூட்டிப் போட்டு விற்றால் அந்தக் கடைக்காரர் சும்மா இருப்பாரா? குடித்தவர்கள் திட்டுவது அவரைத்தானே.

மொசில்லாவுக்கும் டெபியனுக்கும் வந்த சண்டை இதேதான். டெபியன் என்பது ஒரு லினக்ஸ் இயங்குதளம், நமக்கு அந்நியம் இல்லை. அரசு கொடுத்த பள்ளி லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்று ஒன்றும் இருந்தது ஞாபகம் இருக்கலாம் (தஞ்சாவூர்ப் பக்கம் முக்கால்வாசிப் பேர் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது என் சந்தேகம்). மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அந்த பாஸின் அடித்தளம் டெபியன். டெபியன் ஒரு நிலையான வெளியீட்டைக் கொடுத்துவிட்டால் பல ஆண்டுகளுக்கு அதே பதிப்புகளை வைத்திருக்கும், பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பழைய பதிப்புக்குள் தானே ஒட்டுப்போடும். ஃபயர்பாக்ஸ் பிரவுசரை எழுதிய மொசில்லா 2006-இல் சொன்னது: எங்கள் பெயரை வைத்தால் எங்கள் சின்னத்தையும் வையுங்கள், நீங்கள் செய்யும் மாற்றங்களை எங்களிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். சின்னத்தின் உரிமம் யாரும் மாற்றிப் பகிரலாம் என்று விடும் கட்டற்ற உரிமம் இல்லை என்பதால் டெபியனால் அதைச் சேர்க்க முடியவில்லை, ஒவ்வொரு ஒட்டுக்கும் அனுமதி கேட்டு நிற்கவும் மனமில்லை. பெயரை 'ஐஸ்வீசல்' என்று மாற்றிவிட்டார்கள். பத்து ஆண்டுகள், 2016 வரை, டெபியனில் ஃபயர்பாக்ஸ் அந்தப் பெயரில்தான் ஓடியது.

அப்போது பலர் மொசில்லாவைத்தான் திட்டினார்கள். ஒரு சின்னத்துக்காக இவ்வளவு கெடுபிடியா என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை, அதற்குக் காரணம் அதே 2006-இல் அதே டெபியனில் நடந்த இன்னொரு விஷயம். ஓப்பன்-எஸ்.எஸ்.எல். என்பது இணையத்தில் பூட்டும் சாவியும் தயாரிக்கிற நிரல். அதைச் சோதனைக் கருவி ஒன்றில் ஓட்டியபோது எச்சரிக்கை வந்தது என்று டெபியன் பக்கம் சில வரிகளை நீக்கினார்கள். அந்த வரிகளோடு சேர்ந்து, சாவியைக் கணிக்க முடியாதபடி ஆக்கும் தற்செயல் எண்கள் உள்ளே போகிற வழியும் அடைபட்டது. மிஞ்சியது ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குக் கணினி கொடுக்கும் வரிசை எண் மட்டும், அது கிட்டத்தட்ட 32,000 மதிப்புகளில் ஒன்று. அதாவது ஒரு வகைக் கணினியில், ஒரு குறிப்பிட்ட நீளத்தில் உருவாகக்கூடிய சாவிகள் மொத்தமே அவ்வளவுதான், ஒருவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ என்ற டெபியன்காரர் கண்டுபிடிக்கும் வரை, ஒன்றரை ஆண்டுக்கு மேல், டெபியனிலும் அதிலிருந்து வந்த உபுண்டுவிலும் இப்படித்தான் சாவிகள் உருவாகின. ஓப்பன்-எஸ்.எஸ்.எல். ஆட்களே வெளியிட்ட மூல நிரலில் அந்தப் பிழை இல்லை. ஆனால் இரண்டுக்கும் பெயர் ஓப்பன்-எஸ்.எஸ்.எல். என்றேதான் இருந்தது. அதற்காக டெபியன் மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை, ஒட்டுப்போடாமல் விட்டால் பழைய பதிப்பில் ஓட்டைகள் அப்படியே கிடக்கும். பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்ற நிலையைத்தான் சொல்கிறேன்.

பெயரைக் காப்பாற்றிக்கொண்டு உள்ளே சோர்ந்து போவதும் உண்டு. கடிதம், கணக்குப் பட்டியல் எல்லாம் போட உதவும் ஓப்பன் ஆபீஸை வைத்திருந்த சன் நிறுவனத்தை 2010-இல் ஆரக்கிள் வாங்கியது. எழுதிக்கொண்டிருந்தவர்களில் பலர் அதே ஆண்டு பிரிந்து போய் நிரலை எடுத்துக்கொண்டார்கள், உரிமம் அனுமதித்தது. பெயரைக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அதனால் லிப்ரே ஆபீஸ். பெயர் மறுவருடம் அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போனது, ஆட்கள் போகவில்லை. போதிய ஆட்கள் இல்லாமல் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமதமானதால், கடையை மூடிவிடலாமா என்று 2016-இல் அவர்களுக்குள்ளேயே பேச்சு வந்தது. உங்கள் பயனர்களுக்கு லிப்ரே ஆபீஸ் இருப்பதைச் சொல்லுங்கள் என்று 2020-இல் லிப்ரே ஆபீஸ் பக்கத்திலிருந்து அவர்களுக்குப் பகிரங்கக் கடிதமே போனது. இன்னும் டெல்டாவில் எத்தனையோ டி.டி.பி. கடைகளில் பழக்கத்தால் ஓப்பன் ஆபீஸ் என்று தேடித்தான் இறக்குகிறார்கள். பெயர் தெரிந்த பெயர், என்ன செய்வது.

இப்போது மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு, இணையதளம் கட்ட உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இணையதளம் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முகூர்த்தத் தேதி, வாடகை, சாப்பாட்டுக் கூடத்தின் அளவு இதையெல்லாம் தனித்தனிப் புலங்களாக வைக்க 'அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ்' என்ற செருகுநிரலை (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் பிளகின்) போட்டிருப்பார்கள், அதை நடத்துவது டபிள்யூ.பி. எஞ்சின் என்ற அமெரிக்க நிறுவனம். 2024 செப்டம்பரில் வேர்ட்பிரஸை உருவாக்கியவர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக், இந்த நிறுவனம் வேர்ட்பிரஸ் டிரேட்மார்க்கைத் தவறாகப் பயன்படுத்துகிறது, வருமானத்தில் 8 சதவீதம் கொடுக்க வேண்டும் என்று சண்டைக்குப் போனார். செருகுநிரல்களைக் கொடுக்கும் பொதுக் களஞ்சியத்திலிருந்து அந்த நிறுவனம் துண்டிக்கப்பட்டது, அவர்கள் நீதிமன்றம் போனார்கள். அக்டோபர் 12 அன்று களஞ்சியத்தில் அந்தச் செருகுநிரல் இருந்த அதே முகவரியில் 'செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ்' என்ற வேறு ஒன்றை வைத்தார்கள். தானியங்கிப் புதுப்பிப்பு போட்டிருந்த தளங்களில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது, மண்டபத்துக்காரரை யாரும் கேட்கவில்லை. டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்ட பிறகு பழையது திரும்ப வந்தது. டிரேட்மார்க் வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பது தனிக் கதை. முகவரியை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை, எல்லாத் தளங்களும் அந்த முகவரியை நம்பித்தான் கதவைத் திறந்து வைத்திருந்தன.

பெயரை நம்பாமல் உள்ளடக்கத்தை நம்ப வழி இருக்கிறதா? இருக்கிறது, ஓரளவு. ஒரு கோப்பை முழுக்கக் கணக்குப் போட்டு, குறிப்பிட்ட நீளத்தில் ஒரு எண்ணாகச் சுருக்கலாம், ஹேஷ் என்பார்கள். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். என்.பி.எம். 2017 முதல் நிறுவும்போதே ஒரு பூட்டுக் கோப்பை உண்டாக்குகிறது, அதில் ஒவ்வொரு தொகுப்பின் சரியான பதிப்பும் ஹேஷும் பதிவாகும். அடுத்த முறை அதே பெயரில் வேறு எதையாவது கொடுத்தால் கணக்கு ஒத்துவராது, கணினி மறுத்துவிடும். புராஜெக்டை நண்பருக்கு அனுப்பும்போது மாணவர்கள் 'இது என்ன பெரிய கோப்பு' என்று அழித்துவிடுவது இந்தக் கோப்பைத்தான். அழிக்காதீர்கள். ஆனால் முதல் தடவை வாங்கியதே கெட்டதாக இருந்தால் ஹேஷ் அந்தக் கெட்டதையே பத்திரமாகக் காத்துக்கொண்டிருக்கும்.

அதுதான் எக்ஸ்.இசட். விவகாரம். கோப்புகளைச் சுருக்கும் இந்தச் சின்ன நிரலை லாசே கொலின் என்பவர் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் தனியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, இரண்டு ஆண்டுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்து, வெளியீடு போடும் பொறுப்பு வரை வந்துவிட்டார். 2024-இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்வாசல் இருந்தது. எல்லோரும் பார்க்கக்கூடிய நிரல் களஞ்சியத்தில் அதை இயக்கிவிடும் துண்டு இல்லை, வெளியீட்டுப் பொட்டலத்தில் மட்டும் சேர்த்திருந்தார்கள். வெளியிட்டவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் சரியாகவே இருந்தது, போட்டவரே அவர்தானே. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் தன் கணினியில் எஸ்.எஸ்.ஹெச். (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் துருவிப் போய், மார்ச் 29 அன்று வெளியில் சொன்னார். டெபியனின் நிலையான வெளியீட்டுக்குள் அது இன்னும் போயிருக்கவில்லை.

கோப்பு சுருக்கும் நிரல் எப்படி எஸ்.எஸ்.ஹெச். பூட்டைத் தொட்டது? ஓப்பன்-எஸ்.எஸ்.ஹெச். எழுதும் ஓப்பன்-பி.எஸ்.டி. ஆட்களின் மூல நிரலுக்கும் எக்ஸ்.இசட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. 'நான் எழுந்துவிட்டேன்' என்று, லினக்ஸில் மற்ற நிரல்களைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்-டிக்குத் தகவல் சொல்வதற்காக டெபியன் முதலான சிலர் தங்கள் பிரதியில் போட்டிருந்த ஒட்டு ஒரு நூலகத்தை (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பு) இழுத்தது, அந்த நூலகம் எக்ஸ்.இசட்டை இழுத்தது. இங்கேயும் வெளிப்பெயர் ஓப்பன்-எஸ்.எஸ்.ஹெச். என்றேதான் இருந்தது. 2024 ஜூலையில் வந்த 9.8 பதிப்பில் மூல ஆசிரியர்களே அந்தத் தகவல் சொல்லும் வசதியை எந்த நூலகமும் தேவைப்படாமல் சில வரிகளில் எழுதிச் சேர்த்துவிட்டார்கள், அந்த வேலைக்கு இனி ஒட்டு தேவையில்லை.