இண்டிகா, இண்டிகஸ், இண்டிகம்

"மாமரத்துக்கு அறிவியல் பெயர் மாஞ்சிஃபெரா இண்டிகா, எள்ளுக்கு செசாமம் இண்டிகம், நம் யானைக்கு எலிஃபஸ் மாக்சிமஸ் இண்டிகஸ். மூன்றுக்கும் 'இந்திய' என்றுதானே பொருள், கடைசி எழுத்துகள் மட்டும் ஏன் மாறுகின்றன?" என்று பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

பிறந்த கதை சின்னதுதான். சிந்து நதியின் பெயர் பாரசீகத்தில் ஹிந்து ஆனது. கிரேக்கத்தில் ஹகரம் உதிர்ந்து இந்தோஸ் ஆனது. அதன் பெயரடை இந்திகோஸ், அறிவியல் பெயர்களின் மொழியான லத்தீனில் இண்டிகஸ்.

தமிழில் நல்ல மகன், நல்ல மகள், நல்ல மரம் என்று பெயரடை அசையாமல் நிற்கும். லத்தீனில் முடியாது. அங்கே ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால், பெண்பால், பொதுப்பால் என ஏதோ ஒன்று. பெயரடையின் விகுதி அதற்கு இணங்கியே ஆக வேண்டும். எலிஃபஸ் ஆண்பால், மாஞ்சிஃபெரா பெண்பால், செசாமம் பொதுப்பால். சரி, கணக்கு முடிந்தது என்று நினைக்கும்போது புளியமரம் குறுக்கே வருகிறது.

1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்கு வைத்த பெயர் டாமரிண்டஸ் இண்டிகா. 'அஸ்' என்று முடிகிறதே, இண்டிகஸ் என்றல்லவா வர வேண்டும்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விதி இருக்கிறது: லத்தீனில் மரங்களின் பெயர்கள், 'அஸ்' என்று முடிந்தாலும், பெரும்பாலும் பெண்பால். அதனால்தான் அரசமரம் ஃபைகஸ் ரிலிஜியோஸா. இத்தனைக்கும் டாமரிண்டஸ் பழைய லத்தீன் சொல்லே அல்ல. 'இந்தியப் பேரீச்சை' எனப் பொருள்படும் தமர் ஹிந்தி என்ற அரபுச் சொல். மரம் என்பதால் அதுவும் பெண்பாலாகிவிட்டது. ஆக, ஒரே பெயரில் இரண்டு முறை 'இந்திய' வருகிறது. மரத்தின் பூர்வீகமோ வெப்பமண்டல ஆப்பிரிக்கா!

இதைச் சொல்லாமல் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்வது மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம். தாவரவியல் வகுப்பில் ஒரே ஒரு பாடவேளை இதற்கு ஒதுக்கினால் போதும்.

நஞ்சறுப்பான் கொடியைப் பாருங்கள். 1768இல் அது சைனாங்கம் இண்டிகம். பிறகு வேறு பேரினத்துக்கு (பெயரின் முதல் சொல் குறிக்கும் குழுவுக்கு) போய் டைலோஃபோரா இண்டிகா ஆனது. இப்போது வின்சிடாக்சிகம் பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள், மறுபடியும் இண்டிகம். தப்பான விகுதியோடு அச்சேறிவிட்டாலும் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது தாவரப் பெயரிடல் விதி. அப்புறம், இந்த மாற்றமெல்லாம் பெயரடைக்குத்தான். சிங்கத்தின் பெயரான பாந்தெரா லியோவில் 'லியோ' பெயர்ச்சொல். எந்தப் பேரினத்துக்குக் கொண்டுபோனாலும் அது லியோதான்.