ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் வரலாம்? விதி சொல்வது இதுதான்

கட்டுரையை இதழுக்கு அனுப்பும் நேரத்தில்தான் பெயர்ப் பட்டியல் சண்டை கிளம்பும். எட்டிக்கூடப் பார்க்காத துறைத்தலைவர் பெயர் உள்ளே வந்திருக்கும். ஆறு மாதம் தரவு திரட்டிவிட்டு வேறு வேலைக்குப் போன மாணவியின் பெயர் சத்தமில்லாமல் கழன்றிருக்கும்.

இதற்குப் பல இதழ்கள் பின்பற்றுவது சர்வதேச மருத்துவ இதழாசிரியர்கள் குழுவின் விதி. நான்கு நிபந்தனைகள். ஆய்வைத் திட்டமிட்டதிலோ, தரவைத் திரட்டியதிலோ, அலசியதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது உள்ளடக்கத்தை ஆழமாகத் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்லப் பொறுப்பேற்க வேண்டும். இந்த நான்காவது நிபந்தனை 2013-ல் சேர்ந்தது. நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். நிதி வாங்கித் தந்ததோ பொதுவாக மேற்பார்வை பார்த்ததோ மட்டும் போதாது. அவர்களுக்கு இடம் நன்றியுரையில்.

சரி, அந்த மாணவி? "அவர் வரைவைப் படிக்கவே இல்லையே, இரண்டாவது நிபந்தனை தேறவில்லை" என்பார்கள். அனுப்பினால்தானே படிப்பார்! விதி இந்தத் தந்திரத்தைப் பெயர் சொல்லாமலே தடுக்கிறது: முதல் நிபந்தனை தேறிய எல்லோருக்கும் வரைவைப் படிக்கவும் திருத்தவும் ஒப்புதல் தரவும் வாய்ப்பு கொடுத்தாக வேண்டும். ஆட்களைக் கழிக்க இந்த நிபந்தனைகளைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. பலர் இந்த வரி வரை படிப்பதில்லை.

பெயர் வரிசையை ஆசிரியர்களே கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். கணிதத்தில் பெரும்பாலும் அகரவரிசை. உயிரியலில் கடைசிப் பெயர் வழக்கமாக ஆய்வகத் தலைவருடையது.

1975-ல் ஓர் இயற்பியலாளர் கட்டுரை முழுக்க 'நாங்கள்' என்று எழுதிவிட்டார். ஆசிரியரோ அவர் ஒருவர்தான். திரும்பத் தட்டச்சு செய்ய அலுத்துக்கொண்டு, வளர்ப்புப் பூனையை இணை ஆசிரியராக்கினார், கட்டுரையும் வெளியானது. இன்றைய நான்காவது நிபந்தனையில் அந்தப் பூனை தேறாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஆசிரியராகப் போடக் கூடாது என்பதற்கும் அதே காரணம்தான்: பொறுப்பேற்க ஆளில்லை.

தகராறு வந்தால் இதழ் பஞ்சாயத்து பண்ணாது. விசாரிக்க வேண்டியது ஆய்வு நடந்த நிறுவனம். அனுப்பிய பிறகு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டுமென்றால், காரணத்தோடு எல்லா ஆசிரியர்களும் கையெழுத்திட்ட கடிதத்தை இதழ் கேட்கும். நீக்கப்படுபவரின் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும்.